காணாக்கடிக்குக் கண்கண்ட மருந்து

"அரிப்புதானே? ஒரு பிரிட்டோன் போட்டுட்டுப் படுங்க, விடிஞ்சா சரியாயிடும்."

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, ஜெராம், தஞ்சோங் காராங் என்று கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எந்தத் தமிழர் வீட்டில் வளர்ந்திருந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருந்திருக்காது. விருந்தில் இறால் சாப்பிட்டு உதடு வீங்கியவருக்கும் இதுதான் வைத்தியம். செம்பனைக் காட்டில் குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்தவருக்கும், வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் முகம் சிவந்தவருக்கும் இதேதான். சொல்பவர்கள் அன்போடு சொல்கிறார்கள். பலமுறை அது பலிக்கவும் செய்கிறது. பலிப்பதால்தான் இந்த நம்பிக்கை அசைக்க முடியாமல் நிற்கிறது. தோலில் தொடங்கும் ஒவ்வாமை எல்லாம் தோலோடு நின்றுவிடுவதில்லை. அப்படி நிற்காமல் உள்ளே இறங்கும் ஒன்றில், மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்கும் அரை மணி நேரம்தான் ஆளைக் கொல்கிறது. இதைத் தயக்கமில்லாமல் சொல்ல வேண்டும் என்றே எழுதுகிறேன்.

நம் பாட்டிமார் இந்தத் தோல் தடிப்புக்குக் காணாக்கடி என்று பெயர் வைத்திருந்தார்கள். உடம்பு தடித்துவிட்டது, கடித்தது எதுவென்று தெரியவில்லை, ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்திருக்கிறது. வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்வார்கள். வேப்பிலை அடித்துத் திருநீறு பூசுவார்கள். இறால், கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் கரப்பான் பண்டம் என்று சில நாள் விலக்கிவைப்பார்கள். சாப்பாட்டுக்கும் தோல் தடிப்புக்கும் உறவு உண்டு என்பதை எந்தச் சோதனைச்சாலையும் இல்லாமல் கண்டுகொண்டவர்கள் அவர்கள். அந்தக் கூர்மையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தச் சொல் நம் பார்வையைத் தோலிலேயே கட்டிப்போட்டுவிட்டது. தடிப்பு அடங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். காணாமல் நடப்பதெல்லாம் தோலுக்கு உள்ளேதான் நடக்கிறது.

நடப்பது இதுதான். ஒருமுறை இறால் புரதத்தையோ குளவி விஷத்தையோ எதிரி என்று உடம்பு தவறாகக் குறித்து வைத்துக்கொண்டால், அதற்கென்றே ஓர் எதிர்ப்புப் புரதத்தைச் செய்து, மாஸ்ட் செல்கள் எனப்படும் அணுக்களின் மேல் ஒட்டி வைக்கிறது. அந்த அணுக்கள் தோலில் மட்டும் இல்லை. தொண்டையிலும் நுரையீரலிலும் குடலிலும் ரத்தக் குழாய்களை ஒட்டியும் இருக்கின்றன. மறுபடி அந்தப் பொருள் உள்ளே வந்ததும் அவை ஒரே நேரத்தில் வெடித்து ஹிஸ்டமினையும் வேறு பல ரசாயனங்களையும் கொட்டுகின்றன. தோலில் கொட்டினால் தடிப்பு. தொண்டையில் கொட்டினால் குரல் கம்மும், நாக்கு தடிக்கும், எச்சில் விழுங்க முடியாது. மூச்சுக்குழாய் சுருங்கினால் இளைப்பும் விடாத இருமலும். குடலில் என்றால் வயிற்றைப் பிடுங்கும் வலி, வாந்தி. ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசியத் தொடங்கினால், பத்தே நிமிடத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை குழாயைவிட்டு வெளியேறிவிடக்கூடும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலே ரத்தம் வற்றிப்போன ஆள் மாதிரி அவர் சரிகிறார். "தலை சுத்துது", "கண்ணு இருட்டுது" என்று அவர் சொல்வது அந்த நேரத்தில்தான். நாம் பசி மயக்கம் என்று நினைத்து எழுப்பி உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்களில் பத்துக்கு ஒருவர், சில கணக்குகளில் இருவர், தோலில் ஒரு தடிப்பும் இல்லாமலே பாதிக்கப்படுகிறார்கள். அரிப்பு இல்லாததால் ஒவ்வாமை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சாவு வீட்டில் மாரடைப்பு என்று பேச்சு முடிந்துவிடும்.

இப்போது அந்த மஞ்சள் மாத்திரைக்கு வருவோம். பிரிட்டோன் ஹிஸ்டமினை மட்டும், அதுவும் சில இடங்களில் மட்டும், தடுக்கிறது. வெறும் அரிப்புக்கு நல்ல மருந்து, மறுக்கவில்லை. ஆனால் வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலந்து வேலை தொடங்கவே அரை மணிக்கு மேல் ஆகும். தொடங்கிய பிறகும் சுருங்கிய மூச்சுக்குழாயை அது திறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது, தொண்டை வீக்கத்தை வடியவைக்காது. இவற்றையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது அது தரும் தூக்கம். மாத்திரை போட்டவர் கண்ணயர்கிறார். "அப்பாடா, தூங்கிட்டாரு" என்று விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். அது மருந்து தந்த தூக்கமா, ரத்தம் மூளைக்கு ஏறாத மயக்கமா என்று அந்த இருட்டில் யாரால் சொல்ல முடியும்?

என் தாய்மாமாவின் கதையைச் சொன்னால்தான் இந்த நம்பிக்கை எப்படி வளர்கிறது என்பது விளங்கும். நான் சிறுவன். மாமா செம்பனையில் மட்டை வெட்டும்போது, மலாய்க்காரர்கள் தெபுவான் என்று சொல்லும் பெருங்குளவி கழுத்தில் ஒரே ஒரு கொட்டு கொட்டியது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நடந்து வந்தார். சுண்ணாம்பு தடவினார்கள், வெற்றிலையும் மிளகும் இடித்துச் சாறு கொடுத்தார்கள். குரல் மாறியது, வாந்தி எடுத்தார், திண்ணையிலேயே சாய்ந்தார். யாரோ ஓடிப்போய்த் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. மாமாவைத் தரையில் கிடத்தி, கால்களை அரிசி மூட்டைமேல் தூக்கி வைத்து, கைலியை விலக்கித் தொடையில் ஊசி போட்டார். சற்றுப் பொறுத்து இன்னொன்று. மாமா எழுந்தார். அதன்பிறகு பல ஆண்டுகள் லயத்தில் சொல்லப்பட்ட கதை என்ன? "வெத்தலச் சாறு குடுத்ததால பொழச்சாரு." ஊசி கதையிலிருந்து கழன்றுபோயிற்று. அடுத்து யாருக்காவது கொட்டியபோது முதலில் வெற்றிலைக்குத்தான் ஆள் ஓடியது.

தானாக அடங்கும் தடிப்புகள்தான் அதிகம் என்பதால், அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கு நல்ல பெயர் வந்துவிடுகிறது. அடங்காமல் போனவர் திரும்பி வந்து சாட்சி சொல்வதில்லை.

அடுத்த நம்பிக்கை இன்னும் கடினமானது, ஏனென்றால் அதில் நம் பெருமை கலந்திருக்கிறது. "இதெல்லாம் டவுன் பிள்ளைங்க வியாதி. மண்ணுல பொரண்டு வளந்த எஸ்டேட் ஒடம்புக்கு அலர்ஜி வராது." கொசுவும் அட்டையும் கங்காணியின் பிரம்பும் தாங்கிய பரம்பரை இப்படிச் சொல்லிக்கொள்வது எனக்குப் புரிகிறது. தாங்கியதெல்லாம் உண்மை. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். நட்டது யாருடைய கைகள் என்று நமக்குத் தெரியும். ஆனால் தாங்குவது வேறு, ஒவ்வாமை வேறு. பழகப் பழக உடம்பு இறுகும் என்ற கணக்கு ஒவ்வாமையில் தலைகீழாகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையே அந்தத் தலைகீழ்தான். 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் போன சார்ல்ஸ் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கடலில் மிதக்கும் சொறிவகை உயிரி ஒன்றின் விஷத்தை ஆராய்ந்தார்கள். கரைக்குத் திரும்பியபின் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சமாக ஏற்றினார்கள். பழக்கினால் தாங்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. முதல் ஊசியில் நலமாக இருந்த நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு ஏற்றியதும் மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, அரை மணிக்குள் செத்தது. காப்புக்கு எதிரானது என்ற பொருளில் ரிஷே அதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார். 1913இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. "போன தடவை கொட்டினப்ப ஒண்ணும் ஆகலையே", "இத்தனை வருசமா இறால் தின்னவன்தானே" என்று நாம் சொல்லும் சமாதானத்துக்கு நூற்றிருபது ஆண்டுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. முதல் கொட்டு பலருக்கு அறிமுகம் மட்டும்தான். உடம்பு குறித்து வைத்துக்கொள்வதே அப்போதுதான். நேற்றுவரை தின்ற இறால் இன்று ஆகாமல் போவதும் உண்டு. அதே இறாலோடு அன்றைக்குக் கொஞ்சம் பீர், ஒரு வலி மாத்திரை, வெயிலில் ஓடியாடிய வேலை என்று ஏதாவது சேர்ந்தால், அடங்கிக் கிடந்தது கிளம்பிவிடும்.

எஸ்டேட் உடம்பு என்று பேசுகிறவர்களுக்கு எஸ்டேட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. நம் முன்னோர் விடியுமுன் மங்கு மங்காய்ச் சேர்த்த ரப்பர் பால், இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் உலக ஆஸ்பத்திரிகளை அச்சுறுத்திய ஒவ்வாமைப் பொருள். அந்தப் பாலில் உள்ள புரதங்கள் கையுறைகளில் தங்கி, கையுறைப் பொடியோடு காற்றில் பறந்து, தாதிமாரையும் அறுவைச் சிகிச்சை பலமுறை கண்ட குழந்தைகளையும் பாதித்தன. மருத்துவச் சோதனைக் குழாயில் இருந்த ரப்பர்ப் பகுதியால் அமெரிக்காவில் சிலர் இறந்தபின், 1991இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. பொடி போட்ட கையுறைகளுக்கு 2017இல் அங்கே தடையே வந்தது. பால் மரத்தின் புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டவர்களில் மலேசிய ஆய்வாளர்களும் உண்டு. ரப்பர் ஆகாதவர்கள் சிலருக்கு வாழைப்பழமும் ஆகாது என்பது அதன்பின் தெரிந்தது. தினம் தொட்டது, ஊரே தொட்டது, ஆகவே தீங்கற்றது என்ற வாதம் நம் வாசலிலேயே தோற்றுப்போயிருக்கிறது.

கடலோரம் வேறு நமக்கு. பாசிர் பெனாம்பாங்கிலும் ஜெராமிலும் இறாலும் நண்டும் கெராங்கும் வாங்காத வீடு ஏது? இறாலில் ஆபத்து செய்யும் புரதம் எவ்வளவு கொதித்தாலும் அழியாது. சிறு இறாலை அரைத்துச் செய்யும் பெலாச்சானில் அது உண்டு. நாசி லெமாக் சம்பலில் பெலாச்சான் உண்டு. "நான் இறால் போடலையே" என்று கடைக்காரர் உண்மையாகவே சொன்னாலும் அது தட்டுக்குள் வந்துவிடுகிறது.

குளவியைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டமாய்க் கொட்டினால்தான் சாவு என்கிறார்கள். நூறு குளவி கொட்டினால் விஷத்தின் அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கும், அது வேறு வழி. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒன்றே போதும், எண்ணிக்கை அங்கே கணக்கில்லை. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் மக்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்தி வராத ஆண்டில்லை. இங்கே கூட்டைக் கலைக்கத் தீயணைப்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடலாம், வருவார்கள். மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு நாமே ஏற வேண்டியதில்லை.

சரி, கண்கண்ட மருந்து எது? அட்ரினலின். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி நம் உடம்புக்குள்ளேயே செய்வது. 1901இல் ஜப்பானியரான ஜோக்கிச்சி தகாமினே அதைப் பிரித்தெடுத்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துப் பட்டியலில் இருப்பது, விலை மிகக் குறைந்தது. கசியும் ரத்தக் குழாயை இறுக்குகிறது, இதயத்தை உந்துகிறது, மூச்சுக்குழாயைத் திறக்கிறது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாமல் தடுக்கிறது. நான்கையும் ஒரே நேரத்தில் செய்யும் மருந்து இது ஒன்றுதான். பெரியவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேறாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. கையில் ஏன் போடக்கூடாது? 1998இல் கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் குழந்தைகளிடம் அளந்து பார்த்தார்கள்: தொடைத் தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வரச் சராசரி 8 நிமிடம், கையில் தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம். மாமாவின் கைலியை அந்த டிரஸ்ஸர் ஏன் விலக்கினார் என்பது எனக்கு வயது வந்தபின் இப்படித்தான் புரிந்தது.

"அது இருதயத்தைக் கெடுக்கிற ஊசி" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. போட்டதும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். பயப்பட வேண்டியது ரத்தக் குழாயில் தவறான அளவு ஏற்றுவதைப் பற்றி. தசையில் சரியான அளவு போடுவதற்கு, உயிர் போகும் அந்த நேரத்தில், யாருக்கும் தடை கிடையாது, வயதானவருக்கும் கர்ப்பிணிக்கும்கூட. 2021இல் கோவிட் தடுப்பூசி மையத்தில் நாம் எல்லோரும் ஊசி போட்டபின் 15 நிமிடம் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டோமே, ஒவ்வாமை உண்டு என்று சொன்னவர்களை அரை மணி உட்காரச் சொன்னார்களே, எதற்காக? முக்கியமாக இதற்காகத்தான். யாராவது சரிந்தால் தொடையில் போட அட்ரினலின் அங்கே தயாராக இருந்தது. நாடு முழுவதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தது. எதற்கு உட்கார்ந்தோம் என்பதை நமக்குத் தமிழில் யாரும் விளக்கிச் சொல்லாமல் விட்டார்கள்.

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. "ஆஸ்பத்திரி பக்கத்துலயா இருக்கு? டிரஸ்ஸரும் இப்ப இல்ல." உண்மைதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது டிரஸ்ஸர் அறையும் பல இடங்களில் போய்விட்டது. தானே தொடையில் அழுத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனாவை வாங்கி வையுங்கள் என்று நான் எழுதலாம், ஆனால் அதன் விலையைக் கேட்டால் தோட்டத்துக் குடும்பம் திரும்பி வந்துவிடும். ஆனால் தூரம் என்பது காத்திருப்பதற்குக் காரணமாக முடியாது. சீக்கிரம் கிளம்புவதற்குத்தான் அது காரணம். இங்கிலாந்தில் ரிச்சர்ட் பம்ஃப்ரி இத்தகைய சாவுகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கணக்கில், மூச்சோ இதயமோ நின்றுபோக எடுத்த நேரம், நடு அளவாக, உணவால் என்றால் 30 நிமிடம், பூச்சிக் கொட்டால் 15, ஊசி மருந்தால் 5. செம்மண் சாலையைத் தாண்டவே கால் மணி ஆகும் இடத்தில் இருப்பவர் மாத்திரை போட்டுவிட்டு எந்தத் துணிச்சலில் காத்திருக்கிறார்?

எப்போது கிளம்புவது என்று கேட்பீர்கள். தோலில் தடிப்பு மட்டும், வேறொன்றும் இல்லை என்றால் அந்த மாத்திரையே போதும், பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொண்டால் சரி. தடிப்போடு வாந்தியோ வயிற்று வலியோ தலைசுற்றலோ சேர்ந்தால் இனி அது அரிப்பு இல்லை. குரல் மாறினாலோ மூச்சு இழுத்தாலோ, தடிப்பே இல்லாவிட்டாலும், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். சின்னப் பிள்ளை வெளுத்துத் துவண்டு கிடந்தாலும் அப்படித்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இளைப்பு என்று நினைத்து இன்ஹேலர் பம்பையே அடித்துக்கொண்டிருந்து நேரத்தைத் தொலைத்துவிடுகிறோம்.

கிளம்பும் விதத்திலும் நாம் தவறு செய்கிறோம். நம் ஊர் வழக்கம், மோட்டார் சைக்கிளில் ஆளை நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போவது. இந்த ஒவ்வாமையில் அது ஆபத்து. ரத்தம் கசிந்து குறைந்திருக்கும் உடம்பை நிமிர்த்தினால், இருக்கும் கொஞ்ச ரத்தமும் காலுக்கு இறங்கி இதயம் வெறுமையாகிவிடும். எழுந்து நின்றதும், உட்காரவைத்ததும் உயிர் போன நிகழ்வுகளை அதே பம்ஃப்ரி 2003இல் பதிவு செய்தார். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சுத்தான் பெரிய தொல்லை என்றால் காலை நீட்டி உட்காரலாம். வாந்தி எடுத்தாலும் கர்ப்பிணியானாலும் இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். 999ஐக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். அதைவிடக் கார்தான் வேகம் என்றால், பின் இருக்கையில் படுக்க வைத்து, மிக அருகில் அட்ரினலின் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பகலில் ஒரு வெள்ளி கட்டணத்தில் பார்க்கும் அரசாங்க கிளினிக்காகவே இருக்கட்டும், மற்ற நேரத்தில் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியோ சுங்கை பூலோவோ ஆகட்டும். இறங்கியதும் நடக்க விடாதீர்கள், தள்ளுப்படுக்கை கேளுங்கள். ஊசி போட்டுத் தேறியதும் "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று எழுந்துவிடவும் கூடாது. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து எதுவும் தின்னாமல் கொட்டாமல் இரண்டாம் முறை வரும். எது ஆகவில்லை என்பது தெரிந்துவிட்டால் எழுதி வாங்கி வாருங்கள். மருந்து ஆகவில்லை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் ஒவ்வாமை அட்டை தருவார்கள், அதைப் பர்ஸில் வைத்திருக்கலாம்.

கவுன்டரில் நாம் சொல்லும் முதல் சொல்லும் உயிரைத் தீர்மானிக்கிறது. வெட்கத்தாலோ பழக்கத்தாலோ நம்மவர்கள் மலாயில் "காத்தால்" என்கிறார்கள், அரிப்பு என்று. அரிப்புக்கு எண் சீட்டு கிடைக்கும், அவசரமில்லாதவர்களுக்கான பச்சைப் பகுதியில் காத்திருக்கச் சொல்வார்கள், அவர்கள்மீது தவறில்லை. மூச்சு இழுத்தால் "சூசா நாஃபாஸ்" என்று சொல்லுங்கள். கண் இருட்டினால் "நாக் பெங்சான்" என்று சொல்லுங்கள். கூடவே, கடுமையான ஒவ்வாமை என்பதற்கு "அலாஹான் தெருக்" என்று சொல்லி, எதைச் சாப்பிட்டார், எது கொட்டியது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் உயிருக்கு ஆபத்தானவர்களுக்கான சிவப்புப் பகுதியின் கதவைத் திறந்து படுக்கையைத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.